திலகாவும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும்

நான் தாதி. முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் கடைசிப் பன்னிரண்டு வருடங்களை வார்டில் கழிக்கவில்லை. ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு வேனில் கழித்தேன். ஊர் ஊராகப் போய் இரத்தம் எடுப்பேன், எடை பார்ப்பேன், சின்னப் போத்தல்களில் மலம் வாங்கி வருவேன். ஆய்வுக்கூடத்து இயந்திரம் அந்தப் போத்தல்களை எண்களாக மாற்றும். அந்த எண்களில் எது உண்மை, எது தற்செயல் என்று பார்ப்பது திலகாவின் வேலை. உயிர்ப்புள்ளியியல் என்று அதற்குப் பெயர். திலகா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது விசாரித்தால், "வயித்துக்குள்ள இருக்கிற பூச்சிங்கள எண்ணுறேன்" என்பாள். கேட்டவர் முகம் போகும் போக்கைப் பார்த்து அவளே முதலில் சிரிப்பாள்.

ரெம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அப்பா வீரமுத்து பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். அந்தக் கித்தா மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டினார். அம்மா ராக்கம்மா உரம் போட்டாள். தமிழ்ப்பள்ளி, மலாய்ப் பள்ளிக்குத் தயாராக ஒரு வருடப் புகுமுக வகுப்பு, சிரம்பானில் ஆறாம் படிவம், பிறகு பல்கலைக்கழகத்தில் கணிதம். இரண்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். மந்தினில் மோட்டார் பட்டறை வைத்திருந்த புனிதனைக் கல்யாணம் செய்து ஆறு மாதம் ஆனபோது, மரபணுத் தரவுகளை ஆராய ஸ்காட்லாந்தில் உபகாரச் சம்பளம் கிடைத்தது. "எனக்குக் குளிர் ஆகாது. நீ போயிட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்றாராம் புனிதன். நான்கு வருடம் இருந்தார். அந்த நான்கு வருடத்தில் அவர் சமைக்கக் கற்றுக்கொண்டதால், இன்றுவரை அந்த வீட்டில் மீன் கறி அவர் கையால்தான்.

என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இதே மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் வருகைக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். அது தெரிந்த நாளிலிருந்து திலகா என்னைக் 'கிராணி வீட்டம்மா' என்றுதான் கூப்பிட்டாள். "உங்க தாத்தா எங்க தாத்தாவுக்கு எத்தன நாள் ஆப்சென்ட் போட்டாரோ" என்பாள். முதல் தடவை எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவள் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கேட்காமலே ஒரு கத்தரிக்காயை எடுத்து வாயில் போட்டாள். அதோடு அந்தச் சுருக்குப் போய்விட்டது.

2013-இல் எங்கள் குழு நீரிழிவு எனும் இனிப்புநீர் நோய்க்கும் குடல் நுண்ணுயிர்களுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பியது. மந்தின், கோலா கிளாவாங், ரெம்பாவ் என்று மூன்று இடம். ரெம்பாவில் நாங்கள் போனது திலகாவின் சொந்த சனங்களிடம். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு அவள் பிறந்த லயத்து வரிசைவீடுகளில் இருந்த ஆட்கள் எல்லாரும் ஒரு தாமானில், மலிவுக் குடியிருப்பில், குடியேறியிருந்தார்கள். மலத்தைப் போத்தலில் போட்டுக் கொடு என்று நான் போய்க் கேட்டிருந்தால் துரத்தியிருப்பார்கள். வீரமுத்து மகள் கேட்டாள் என்பதால் இருநூற்றுத் தொண்ணூறு பேர் கொடுத்தார்கள்.

ஆனால் கொடுத்த விதம் வேறு. மந்தினிலும் கோலா கிளாவாங்கிலும் ஆட்கள் காலையில் கிளினிக்குக்கே போத்தலைக் கொண்டுவந்தார்கள்; அங்கே குளிர்ப்பெட்டி இருந்தது. தாமானில் பெரும்பாலோர் விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள். ஐந்து மணிக்குப் போத்தலை நிரப்பிக் குளியலறைப் பக்கம் வைத்துவிட்டுப் போய், மாலை மூன்று நான்கு மணிக்கு வந்து என்னிடம் தந்தார்கள். விவரம் நிரப்பும் பாரத்தில் நேரம் எழுத இடம் கிடையாது. வார்டில் பழகிய கை என்பதால், எப்போது எடுத்தது, எப்போது என் கைக்கு வந்தது என்று ஒவ்வொரு பாரத்தின் ஓரத்திலும் பென்சிலால் எழுதி வைத்தேன். அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் முடிவு வந்தது. ஒரு வகைக் கிருமி, மற்ற இரண்டு இடத்தைவிடத் தாமான் ஆட்களிடம் மூன்று மடங்கு கூடுதல். இனிப்புநீர் உள்ளவர்களும் அங்கேதான் கூடுதல். குழுத் தலைவர் பேராசிரியர் குணாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அவருக்கு அது பழக்கம்.

திலகாவுக்கு மட்டும் முழு நிம்மதி இல்லை. அதை வேனில் எனக்கு விளக்கினாள். "ராத்திரியில பாசார் மாலாம் சந்தைக்கு நீங்க போறீங்க. நூறு பேர எண்ணுறீங்க. போன வாரம் நம்ம ஆளுங்க முப்பது, இந்த வாரம் இருபது. நம்ம ஆளு கொறஞ்சிட்டாங்களா, இல்ல மத்தவங்க கூட வந்துட்டாங்களா? சொல்ல முடியுமா?"

"முடியாது."

"நம்ம மெஷினும் அப்படித்தான். நூத்துல எத்தனன்னு சொல்லுமே தவிர, மொத்தம் எத்தனன்னு சொல்லாது. அதனால ஒன்னு கூடுனா மத்ததெல்லாம் கொறஞ்ச மாதிரி தெரியும்."

அதற்கென்று இருந்த வழிமுறைகளையெல்லாம் அவள் செய்து பார்த்தாள். அப்போதும் அந்தக் கிருமியின் கூடுதல் அசையவில்லை. சரி, உண்மைதான் போலிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாள். கட்டுரை ஒரு சஞ்சிகைக்குப் போனது, ஏற்றுக்கொள்ளவும் செய்தார்கள். பேராசிரியர் ஒரு மருத்துவ முகாமில் அதைப் பற்றிப் பேசினார். மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது: 'தோட்டத் தமிழர் குடலில் இனிப்புநீர்க் கிருமி'.

மூன்று வாரம் கழித்து இரத்தம் எடுக்க நான் தாமானுக்குத் தனியாகப் போனேன். தாமானை அடுத்த தொழிற்சாலை வாசலில், சுவரை ஒட்டி, மாரியம்மா என்பவருக்கு ஓர் ஒட்டுக்கடை உண்டு. தோசை, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், இழுத்து ஆற்றிய தே தாரேக். காலையில் பசியாறும் நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது. அன்றைக்கு நான்கு மேசையும் காலி. மாரியம்மா தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எங்க வயித்துல கிருமி இருக்காம் லா. கையில ஒட்டிக்கிட்டு வருமாம். பேக்டரியில பேசிக்கிறாங்க. நேத்து அரைச்ச மாவு, அப்படியே கொட்டிட்டேன்."

"அது அப்படித் தொத்தாது அக்கா."

"நீ சொல்ற. பேப்பர்ல அப்படிப் போடலியே."

திரும்பி வந்து திலகாவிடம் சொன்னேன். அவள் கையில் ஒரு கரிப்பாப் பலகாரம் இருந்தது. அதைக் கடிக்காமல் மேசையில் வைத்தாள். கையில் எடுத்த சாப்பாட்டை அவள் கீழே வைத்து நான் அதுவரை பார்த்ததில்லை. மறுநாள் காலையில் என் அறைக்கு வந்தாள்.

"கிராணி வீட்டம்மா, பாரமெல்லாம் எங்க? ஸ்கேன் பண்ணது வேணாம். காகிதம் வேணும்."

அலமாரியைத் திறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் புரட்டினாள். பிறகு ஒரு பாரத்தைத் தூக்கிப் பிடித்து, "ஓரத்துல இது என்ன?" என்றாள்.

"நேரம். எடுத்த நேரமும் வாங்கின நேரமும்."

"எல்லாத்துலயும் இருக்கா?"

"ஓம். எழுதினனான்."

அவள் கட்டுகளை அப்படியே அள்ளிக்கொண்டு போனாள். நான்கு நாள், தொள்ளாயிரத்துச் சொச்சம் பாரங்களின் நேரங்களையும் தானே கணினியில் ஏற்றினாள். உதவிக்கு யாரையும் விடவில்லை. ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினாள். போத்தல் வெக்கையில் கிடந்த நேரம் கூடக்கூட அந்தக் கிருமியின் பங்கும் கூடியது. தாமானிலேயே, வேலைக்குப் போகாத வயதானவர்கள் ஒரு மணி நேரத்தில் தந்த போத்தல்களில் அது மந்தின்காரர்கள் அளவுதான் இருந்தது. கிருமி மனிதர்களின் குடலில் பெருகவில்லை. நான் வந்து வாங்குகிறவரை போத்தலுக்குள் பெருகியிருந்தது.

"நான் யாரிடமாவது சொல்லியிருக்க வேணும்" என்றேன்.

"நீங்க எழுதலன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள். "எப்படி எடுத்தாங்கன்னு ஒரு வார்த்த கேக்காம கணக்குப் போட்டது நான். நான் அந்தத் தாமான் ஆளு வேற. அஞ்சு மணிக்கு வேலைக்குப் போறவங்க எத்தன மணிக்குத் திரும்புவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அப்போதும் அவளுக்கு ஊகம் போதவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த மலத்தையே எட்டுப் போத்தலாகப் பிரித்து, மந்தின் வீட்டுக் கொல்லையில் வரிசையாக வைத்து, மணிக்கு ஒன்றாக எடுத்துக் குளிர்ப்பெட்டியில் போட்டாள். உதவிக்குப் போயிருந்தேன். புனிதன் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"டாக்டர் பட்டம் வாங்குனதுக்கு இதுதான் வேலையா?"

"அடுத்த வாரம் உங்களோடது வேணும்."

"எனக்கு அடுத்த வாரம் ஊர்ல வேல இருக்கு" என்று உள்ளே போய்விட்டார். ஆனால் அடுத்த வாரம் கொடுத்தார். இரண்டு பேருடையதிலும் எட்டாம் மணி நேரத்தில் அதே கிருமி கூட்டமாக நின்றது.

பேராசிரியரிடம் அவள் போனபோது நானும் கூடப் போனேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைத் தொடவில்லை.

"கட்டுரையத் திரும்ப வாங்கிக்கிட்டா, மூணு வருஷத்துக்கு யாரும் நமக்கு மானியம் தர மாட்டாங்க, திலகா."

"தெரியும் புரோபசர்."

"ஒரு திருத்தம் மட்டும் எழுதிப் போட்டா?"

"முடிவே தப்பு. திருத்துறதுக்கு அதுல ஒன்னும் மிச்சமில்ல."

அவர் ஒரு வாரம் எங்கள் இருவரோடும் பேசவில்லை. எட்டாம் நாள், கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவரே எழுதிக் கொண்டுவந்தார். தவறுக்குப் பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை முதலில் போட்டிருந்தார். திலகா அதைப் படித்துவிட்டுத் தன் கையெழுத்தையும் போட்டாள்.

கடிதம் சஞ்சிகைக்குப் போனது. பத்திரிகை இரண்டு வரியில் ஒரு மறுப்புப் போட்டது. அது போதாது என்று ஒரு ஞாயிறு காலை, தாமான் கோயில் மண்டபத்தில் எல்லாரையும் கூடச் சொன்னாள் திலகா. எண்பது பேர் இருக்கும். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். முடித்ததும் மாரியம்மா எழுந்தார்.

"பேப்பர்ல போடுறப்ப பெருசா போட்டீங்க. என் கடைப் பக்கம் ஆளு வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்ப வந்து தப்புன்னா சரியாப் போயிருமா?"

"சரியாப் போகாதுக்கா."

"யாரு செஞ்ச தப்பு?"

"நான் செஞ்சது."

வேறு யாரையாவது கைகாட்டுவாள் என்று மாரியம்மா எதிர்பார்த்திருக்க வேண்டும். "அப்ப அந்தப் போத்தல பிரிட்ஜ்ல வச்சிருக்கணுமா?" என்றார்.

"ஆமாக்கா."

"சாம்பார் வைக்கிற எடத்துலயா?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. மாரியம்மா சிரிக்கவில்லை; ஆனால் உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து, வேலை நாளென்றும் பாராமல், திலகா வாரம் இரண்டு தடவை மந்தினிலிருந்து காரோட்டி வந்து அந்த ஒட்டுக்கடையில் பசியாறினாள். பேராசிரியரையும் அழைத்து வந்தாள். தொழிற்சாலையில் அனுமதி வாங்கி, மதிய இடைவேளையில் மலாயிலும் தமிழிலும் பேசினாள். முதலில் இரண்டு நேப்பாளத் தொழிலாளர்கள் வந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல மற்றவர்கள். மேசைகள் பழையபடி நிறைய நான்கு மாதம் பிடித்தது.

பேராசிரியர் சொன்னபடியே மானியம் நின்றது. திலகாவின் பதவி உயர்வும் நின்றது. இரண்டு வருடம் முதலாண்டு மாணவர்களுக்கு அடிப்படைப் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தாள். வீட்டில், சாப்பாட்டு மேசையில், ஒரு புதிய வழிமுறையை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு போத்தல் எத்தனை மணி நேரம் வெக்கையில் இருந்தது என்று தெரிந்தால், எந்தெந்தக் கிருமி அதற்குள் எவ்வளவு பெருகியிருக்கும் என்று கணித்து, அதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் வழி. குளிர்ப்பெட்டி இல்லாத ஊர்களின் போத்தல்களும் வீணாகாமல் இருப்பதற்கு. "நம்ம ஆளுங்ககிட்ட பிரிட்ஜ் இல்லன்னு அவங்கள ஆராய்ச்சியில இருந்து விட்டுட முடியுமா?" என்பாள்.

2017-இல் சின்ன மானியம் ஒன்று கிடைத்து மறுபடி தாமானுக்குப் போனோம். இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு குட்டி ஐஸ் பெட்டி. யாராவது கதவைத் திறப்பார்களா என்று நான் பயந்தேன். முதல் தடவை இருநூற்றுத் தொண்ணூறு பேர். இந்தத் தடவை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பட்டியலில் முதல் பெயர் மாரியம்மாவுடையது. எச்சிலும் கொடுத்தார்கள், மரபணு பார்க்க.

மரபணு முடிவு வந்ததும் அடுத்த தொல்லை. எங்களோடு சேர்ந்திருந்த வெளிநாட்டுக் குழு, கணினித் திரையில் வந்து பேசியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்று நாற்பது பேர் ஒருவருக்கொருவர் நெருங்கிய சொந்தமாகத் தெரிகிறார்கள். கணக்குக்கு ஆட்கள் சொந்தமில்லாதவர்களாக இருக்க வேண்டும். அந்த நூற்று நாற்பது பேரை எடுத்துவிடுங்கள் என்றார்கள். திலகா எடுக்க மாட்டேன் என்றாள். வாங்கிக்கொண்டு வந்தபின் உங்களுடையது வேண்டாம் என்று அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அந்தச் சனிக்கிழமை மாரியம்மா வீட்டுக் கூடத்தில், பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தை விரித்துப் போட்டு உட்கார்ந்தோம். சம்மதித்தவர்களின் உறவுமுறையை மட்டும் எழுதினோம்.

"எங்க வீட்டுக்காரரு எங்கம்மாவுக்குத் தம்பி" என்று தொடங்கினார் மாரியம்மா. "அவரு அக்கா மகளக் கட்டுனாரு, அது நான். அவரு தங்கச்சியக் கட்டுனவரு எங்கப்பாவுக்குத் தம்பி. எழுதுறியா?"

"எழுதுறேன்க்கா, மெதுவா."

"அவங்க மகளத்தான் தாயம்மா வீட்ல குடுத்துருக்கு. தாயம்மா யாரு? நல்லசாமிக்கு அத்த மக."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து திருத்தம் சொன்னார்கள். மாலைக்குள் பதினோரு தாள் நிரம்பியது. இரண்டு தலைமுறைக்கு முன் ஒரே லயத்தில் வாழ்ந்து, அத்தை மகளையும் அக்கா மகளையும் கட்டிக்கொண்ட சனம். சொந்தம் இல்லாமல் எப்படி இருக்கும்?

மரபணு காட்டியதும் மாரியம்மா சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. இரண்டே இடத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. அது எந்தெந்த வீடு என்று திலகா என்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் குறிப்பைக் காகிதம் அரைக்கும் இயந்திரத்தில் தன் கையாலேயே போட்டாள்.

சொந்தங்களை நீக்காமல், யாருக்கு யார் எவ்வளவு சொந்தம் என்பதையே கணக்குக்குள் கொண்டுவந்தாள். போத்தல் கிடந்த நேரம், நூற்றில் பங்கு, உறவு மூன்றையும் ஒரே வழிமுறையில் கட்டினாள். மூன்று சஞ்சிகைகள் திருப்பி அனுப்பின. மூன்றாவது திரும்பிய அன்று என் வீட்டுக்கு வந்து, "நான் ஒரு பிடிவாதக்காரி மட்டும்தானா, கிராணி வீட்டம்மா?" என்றாள். "பிடிவாதக்காரிதான். சாப்பிடுங்கோ" என்றேன். சாப்பிட்டாள். 2020-இல் நான்காவது ஏற்றுக்கொண்டது. எல்லாரும் பயன்படுத்தும்படி அதை ஒரு கணினி நிரலாக்கி இலவசமாக விட்டாள். 'லயம்' என்று பெயர் வைத்தாள். எங்கோ பசிபிக் தீவு ஒன்றில், ஊரே ஒரே குடும்பமாக இருக்கும் இடத்தில் வேலை செய்யும் ஒருவர், இதுவரை எங்கள் ஆட்களைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றே எல்லாரும் சொன்னார்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

முடிவு பத்திரிகைத் தலைப்பாகும் அளவுக்கு ஒன்றுமில்லை. இனிப்புநீரில் நுண்ணுயிர்களின் பங்கு சின்னது. வயது, எடை, ஷிப்ட் வேலை, குடும்பத்தில் முன்பே இருந்ததா என்பவைதான் பெரிது. ஆனால் எடுத்த இரத்தத்தில், தமக்கு நோய் இருப்பதே தெரியாத நாற்பத்தொரு பேரைக் கண்டுபிடித்துக் கிளினிக்குக்கு அனுப்பினோம். மாரியம்மாவும் அதில் ஒருவர். திலகாவுக்குப் பதவி உயர்வு 2022-இல் வந்தது. புனிதன் பட்டறைக்கு ஒரு நாள் விடுமுறை விட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம், எல்லாருக்கும் அவரவர் முடிவைத் தமிழில் எழுதிய ஒரு தாளோடு தாமானில் வீடு வீடாகப் போனோம். சன்னாசி என்பவர், எழுபது வயது, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாரையும் சேத்து ஒரு படம் போட்டீங்களாமே. அதுல நான் எங்க இருக்கேன்?"

திலகா அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். புள்ளி புள்ளியாய் முந்நூற்றுப் பன்னிரண்டு; நெருங்கிய சொந்தங்கள் பக்கம் பக்கமாக. அவர் எண்ணைத் தட்டியதும் ஒரு புள்ளி மட்டும் சிவப்பானது.

"இதான் நீங்க, மாமா."

அவர் குனிந்து பார்த்தார். "பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிறது யாரு?"

"அதச் சொல்லக்கூடாது மாமா."

"நல்லசாமியாத்தான் இருக்கும். எங்க போனாலும் பக்கத்துல வந்து நிப்பான்" என்றவர், உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்தம்மா வந்து பார்த்துவிட்டு, தன்னுடையது எங்கே என்று கேட்டார். சன்னாசியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அந்தம்மாவுடையதைக் காட்டினாள் திலகா. அதற்குள் எதிர்வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார வைத்து, மற்றவர்கள் பார்க்காமல் திரையைச் சாய்த்துப் பிடித்து, அவரவர் புள்ளியைக் காட்டிக்கொண்டே இருந்தாள். வரிசை தெருமுனை வரை நீண்டது. கொடுக்க வேண்டிய தாள் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. நான் அவற்றை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தேன்.